நோவு ஓரிடம், முடிச்சு ஓரிடம்

இலுப்பைக்கடவைக் கடற்கரையை விட்டுப் பிரதான வீதிக்கு ஏறியபோது இடது கையைச் சட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே செருகியிருந்தேன். தொங்கவிட்டால் தோள் முதல் விரல் வரை இழுத்தது. உடுப்புப் பையை மற்றத் தோளில் போட்டுக்கொண்டு மன்னார்ப் பக்கமாக நடந்தேன். கரைவலை இழுக்கிற வேலை அன்று காலையோடு போய்விட்டது.

நிறுத்தியவர் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி. கோபத்தால் அல்ல, பயத்தால். இடது கையில் நோவென்றால் அது இதயம்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"கரையிலை நீ விழுந்து செத்தியெண்டா பொலிசு, விசாரணை எண்டு என்ரை வலை ஒரு கிழமை காயும். போய்க் காட்டிப்போட்டு வா தம்பி. வராட்டிலும் பறவாயில்லை."

அப்படிச் சொன்னாலும் என்னை அனுப்ப அவருக்கு மனமில்லை. பருவத்தின் முதல் நாள் நான் கயிற்றின் ஒரு பக்கம் நின்று, இடது கையை முன்னுக்குப் போட்டு இழுத்தபோது வலை கொள்ளாத அளவுக்குச் சூடை மீன் விழுந்தது. நான் பக்கம் மாறினால் மீனும் மாறிவிடும் என்று அன்று முடிவு செய்தவர், பிறகு என்னை அசையவிடவில்லை. பருவம் முழுக்க அதே பக்கம், அதே கை. இப்போது நான் போனால் ராசி போகும், நின்றால் பிணம் விழலாம். எதற்குக் கவலைப்படுவது என்று தெரியாமல் நின்றார்.

கரையில் நாங்கள் தங்கும் கொட்டிலான வாடியில் எனக்கு வைத்தியம் நடக்காமலில்லை. அங்கே சமைப்பவர் கால் பக்கமாகப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் உதைத்தால் சுளுக்கு ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் காலைக் கழுவிக்கொண்டு வந்து, எங்கே நோகிறது என்று மரியாதையாகக் கேட்டு, முழங்கைக்கு மேலே ஓர் உதை விட்டார். அதற்குப் பிறகு சோற்றுக் கோப்பையைப் பிடிக்கவும் முடியவில்லை. சுளுக்கு ஓடத் தொடங்கிவிட்டது, அதுதான் இப்படி என்றார்.

நடக்கையில் எனக்கு இதயத்தைவிடக் கையைப் பற்றிய யோசனைதான் பெரிதாக இருந்தது. இதயம் நின்றால் அதோடு முடிந்தது. கை நின்றால் சாப்பாடு நிற்கும், நான் நிற்கமாட்டேன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேலை தருகிறவர்கள் கையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

மண் ஏற்றிப் போன லொறி ஒன்று நிறுத்தி ஏற்றியது. இடது கை நோகிறது என்றதும் லொறிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். அதன் பிறகு வீதியில் இருந்த ஒரு பள்ளத்தையும் அவர் மதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது கை மட்டுமல்ல, எல்லாமே நொந்தது.

நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொல்லி, உடற்பயிற்சி வைத்தியம் செய்கிற பகுதிக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஓர் இளம் பெண்பிள்ளை. என்ன வேலை என்று கேட்டது. எழும்பி நின்று, இல்லாத கயிற்றை இழுத்துக் காட்டினேன். பின்னால் வந்து, தோள்பட்டை எலும்பின் நடுவில் பெருவிரலை ஊன்றியது.

அந்த இடம் எனக்கு ஒரு நாளும் நொந்ததில்லை. ஆனால் அங்கே அழுத்தியதும் நோவு தோளைச் சுற்றி வந்து, கைவழியே இறங்கி, விரலில் போய் நின்றது. கோயிலில் கீழே கயிற்றை இழுக்க மேலே மணி அடிப்பதுபோல.

"மிஸ், கை இஞ்சை இருக்க ஏன் முதுகிலை பிடிக்கிறியள்?"

"அண்ணை, உங்கடை கையிலை ஒரு பிழையும் இல்லை. ஒரே மாதிரி இழுத்து இழுத்து இந்தத் தசையிலை முடிச்சு விழுந்திருக்கு. அடுப்பு எரியிறது ஒரு வீட்டிலை, புகை வாறது மற்ற வீட்டிலை."

பாவம் என் முழங்கை. பக்கத்து வீட்டுக்காரன் செய்ததற்கு உதை வாங்கியிருக்கிறது.

கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, சூடு வைத்து, கையை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோகச் சொன்னது. தோள் மட்டம் வரை வந்தது. மிச்சத்துக்கு ஒரு வழி சொல்லித் தந்தது: சிறிய ரப்பர் பந்தை முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துச் சாய வேண்டும், முடிச்சில் பட்டதும் அப்படியே மூச்சு விட்டுக்கொண்டு நிற்க வேண்டும், வெறி பிடித்து அமத்தக் கூடாது.

பந்தை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவர் பார்த்தேன். ஒரு கழுதை அதில் முதுகை உரசிக்கொண்டு நின்றது. மன்னாரில் கழுதைகள் யாருக்கும் ஒதுங்குவதில்லை. நானும் பந்தை வைத்துச் சாய்ந்தேன். அது ஒரு சாப்பாட்டுக் கடையின் பக்கச் சுவர். கடைக்கார முஸ்லிம் நானா வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இந்தச் சுவருக்கு ஒரு கழுதையே போதும் தம்பி."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துணி சுற்றியிருந்த வலது மணிக்கட்டைக் காட்டினார். ரொட்டிக்கு மாவு அடித்து அடித்து வந்த நோவு. எண்ணெய், பற்று, கறுப்பு நூல் எல்லாம் கட்டிப் பார்த்துவிட்டாராம். நான் டொக்டர் இல்லை, ஆஸ்பத்திரியில் காட்டுங்கோ நானா என்றேன். அதற்குள் அவர் பந்தை வாங்கித் தன் முதுகில் வைத்துச் சாய்ந்துவிட்டார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று தேடினார். திடீரென்று நின்றார்.

"அல்லாஹ்," என்றார் மெதுவாக. "மணிக்கட்டுக்குப் போகுது."

பஸ்ஸுக்கு நின்ற சனம் எங்கள் மூவரையும் பார்த்தது. கழுதை மட்டும்தான் வெட்கப்படவில்லை.

மணிக்கட்டு ஆறும் வரை மாவு பிசைய ஓர் ஆள் வேண்டும் என்று நானா சொன்னார். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். காது வரை போனது, அதற்கு மேல் மாட்டேன் என்றது. மறைக்க வழியில்லை. நான் கையை இறக்கவில்லை.

"மாவு மேசையிலைதான் கிடக்கு," என்றார் கடைசியில். "வானத்திலை இல்லை. விடிய வா."

அன்றிரவு பஸ் நிலையத்தில் சனம் இருக்கிற நீட்டு மர வாங்கில் படுத்தேன். காலையில் நானா மாவைக் கொட்ட, நான் இரண்டு கையாலும் பிசைந்தேன். இடது கை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தது. முதல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்ட நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். உப்புக் கூடிவிட்டது. அந்தப் பழியைக் கையின்மேல் போட முடியவில்லை.