முன்பக்கம் எஞ்சின் இல்லாத வண்டி

சாலைக் கடைத்தெருவில் துணி மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் முதலாளியிடம் நான் பத்தொன்பது வருஷமாக டிரைவர். அவருடைய மருமகன் துபாயில் வேலை பார்க்கிறார். போன தடவை ஊருக்கு வந்தபோது இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி முதலாளி வீட்டில் நிறுத்திவிட்டுப் போனார். அதில் ஏறுவதென்றால் பாயில் உட்காருகிற மாதிரி கீழே இறங்கி உட்கார வேண்டும்.

“சும்மா நின்னா பேட்டரி செத்துரும்லா. வெள்ளிக்கிழமைதோறும் அரைமணி நேரம் ஓட்டிட்டு வா. உன் கையிலதான் குடுக்கேன், வேற எவனும் தொடப்பிடாது” என்றார் முதலாளி.

பூஜை செய்யாமல் வண்டியை எடுக்க எனக்கு மனசு வராது. கோட்டைப் பக்கத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கண்ணாடியில் சந்தனம் வைத்து, முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் காற்று போகிற வாய் மாதிரி இருக்கிற இடத்தில் பக்கத்துக்கொரு கேந்திப்பூ மாலை கட்டுவேன். சாமி பேரில் சாத்திய மாலையைக் கையால் கழற்றக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் பழைய மாலை இருக்காது. பூ உதிர்ந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு புதியதைக் கட்டுவேன். இப்படி ஆறு வாரம்.

ஏழாவது வெள்ளிக்கிழமை எனக்கு இருப்பே கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மருமகன் வருகிறார். அந்த வண்டியிலேயே விமான நிலையத்துக்குப் போய் அவரை அழைத்துவர வேண்டும். ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பைபாஸில் விழிஞ்ஞம் பக்கம் போனேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நீளமாக நின்றன. நகர்வதும் நிற்பதுமாகப் போனதில் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே முள்ளைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்து வண்டி கத்த ஆரம்பித்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்களே, யாராவது போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டால்? “யாருக்கும் தெரியாம இது சரியாயிட்டா பதினோரு தேங்காய் உடைக்கிறேன் பிள்ளையாரப்பா” என்று வேண்டிக்கொண்டு ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர். கடைசியில் வண்டி தானாகவே நின்றது.

பாட்டிலில் இருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு முன்மூடியைத் திறந்தேன். உள்ளே எஞ்சினைக் காணோம். துடைத்து வைத்த மாதிரி ஒரு காலிப் பள்ளம், பெட்டி வைக்கிற இடம். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒரு மலையாளி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“எந்தா அண்ணாச்சி, எஞ்சின் வீட்டில மறந்து வெச்சோ?”

ஸ்டாண்டே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று அவர்தான் போனில் பார்த்துச் சொன்னார். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். கொச்சியில் ஒரு பெண் எடுத்து, திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகவும் அதுவரை தொட வேண்டாம் என்றும் சொன்னாள். டவுனில் தெரிந்த இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். வண்டி பேரைச் சொன்னதுமே ஒருவர், “அதெல்லாம் நமக்கு வேண்டாம் அண்ணே” என்று வைத்துவிட்டார்.

என் முகத்தைப் பார்த்து ஆட்டோக்காரருக்கே பாவமாகிவிட்டது. கல்ஃபில் இந்த மாதிரி வண்டிகளை மட்டுமே பழுது பார்த்த ஒரு மெக்கானிக் திரும்பிவந்து அடுத்த சந்திலேயே ஷெட் போட்டிருக்கிறார் என்றார். வண்டி ஆறியதும் ஆட்டோக்காரரும் இன்னும் நாலு பேரும் தள்ளி அங்கே கொண்டு சேர்த்தார்கள்.

மெக்கானிக் என் வயதுக்காரர், கழுத்தில் சிலுவை. வண்டியைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“சிவப்பு லைட் வந்நதுக்குப் பின்னே எத்ர தூரம் ஓடிச்சு?”

“உடனே நிப்பாட்டிட்டேன்.”

“உறப்பா? நிச்சயமா?”

“ஆமா.”

சரி என்று அவர் சாவிக்குக் கை நீட்டினார். “அப்போ ஸ்டார்ட் செய்து நோக்காம். நீ ஓட்டியிருந்தா வேற கத. சூட்டில ஹெட் வெடிச்சு உள்ள வெள்ளம், தண்ணி இறங்கியிருந்தா, ஸ்டார்ட் அடிச்ச நிமிஷம் எஞ்சின் தீர்ந்து.”

சாவி அவர் கைக்குப் போய்விட்டது. அவர் குனிந்து உள்ளே உட்காரவும் செய்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே வேண்டினேன்? இந்தப் பொய்க்கா பிள்ளையாரைக் கூப்பிட்டேன் என்று உடம்பே கூசியது.

“வேண்டாம், ஸ்டார்ட் அடிக்காதீங்க” என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். “ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினேன்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தைப் பிரித்து பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். உட்கார முடியாமல் ஷெட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். ஆறு பிளக்கும் காய்ந்திருந்தன. உள்ளே தண்ணீர் இல்லை. அப்புறம் முன் பம்பரை இறக்கினார். காற்று போகிற வழி முழுக்க அழுகிய கேந்திப்பூ. மாலை கட்டிய நூல் விசிறியில் சுற்றி இறுகியிருந்தது.

“எங்கட சர்ச்சில, பள்ளிப் பெருநாளுக்கு இத்ர பூ இல்லல்லோ! தெய்வத்துக்கு நீ போட்ட மாலை, வண்டிக்கு மூச்சு முட்டிப்போச்சு.”

எல்லாம் வாரி எடுத்து, நூலை அறுத்து, எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் நிரப்பிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். கூலன்ட் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். அதில் நீல நிறத்தில் ஏதோ மருந்து. மஞ்சளாக மாறினால் எஞ்சினின் மேல்பாகம், ஹெட், போச்சு என்றார். நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கால்மணி நேரம் ஆனது. நீலமாகவே இருந்தது.

“தப்பிச்சு. ஆனாலும் இன்னிக்கு எடுக்கண்டா. ராவிலே ஒருக்கூட நோக்கணும்” என்றார், காலையில் இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

முதலாளிக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன்.

“மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை முதலாளியின் பழைய காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். மருமகன் தள்ளுவண்டியோடு வெளியே வந்து அந்தக் காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவர் கேட்கும் முன்பே, சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் நான் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதிலிருந்து தொடங்கினேன். பூவை அப்புறம்தான் சொன்னேன்.

“ரெண்டு கிலோமீட்டரா?” என்றார்.

“ஆமா சார்.”

“வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதல்ல அந்த ஷெட்டுக்கு விடுங்க.”

வழிநெடுக என் கண் சூட்டைக் காட்டும் முள்ளிலேயே இருந்தது. ஏசி போட மறந்துபோனேன் என்பது, விழிஞ்ஞத்தில் இறங்கி வியர்வையில் நனைந்த அவர் சட்டையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.