சகலையின் தொட்டியில் மூன்று புள்ளிகள்

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். கம்பிவடத்தைத் தடவிப் பார்த்தே எந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடும் விரல்கள். வீட்டில் அந்த விரல்களுக்கு வேறு வேலை இருந்தது. கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளந்து, உயிருள்ள பவளங்களைத் துண்டு துண்டாகப் பாறையில் ஒட்டி, ஏழு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் பார்ப்பார்கள்.

சகலை ஒரு தொட்டி வைக்கும் வரை.

சகலை என்றால் மனைவியின் தங்கை வீட்டுக்காரர், பல் டாக்டர். ஒருநாள் சாயங்காலம் வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "மத்தவங்க வாயைத் திறக்கச் சொல்றவன் நான், என் வாயையே அடைச்சிட்டீங்க சகலை" என்றார். லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. மூன்றே மாதத்தில் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் அறையில் ஏழடித் தொட்டி வந்துவிட்டது. வாரம் ஒருமுறை துடைத்துவிட்டுப் போக ஆள் வேறு. அதற்குள் நீல டாங் மீன் ஒன்று மைக்கூட்டிலிருந்து குதித்த மாதிரி வளைய வந்தது. லிஃப்ட்காரர் ஏழு வருஷமாக ஆசைப்பட்ட மீன். அதற்கு நீந்த இடம் வேண்டும், நாலடித் தொட்டி போதாது என்று மனசைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்.

"என்ன இருந்தாலும் சின்ன மாப்பிள்ளை தொட்டி மாதிரி வராது" என்றார் மாமியார், இவர் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இவர் போட்டுக் கொடுத்த தேநீரை உறிஞ்சியபடி. காதில் விழாத மாதிரி எழுந்து போய் மீனுக்குத் தீனி போட்டார். அன்றைக்கு அது இரண்டாவது தடவை.

மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் அடைப்பு வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக் போனார்கள். அவள் உள்ளே நாற்காலியில் சாய்ந்திருக்க, இவர் தொட்டி முன் நின்றார். நீலம் பாறையில் உடம்பைத் தேய்த்துவிட்டு ஓடியது. மறுபடி வந்து தேய்த்தது. இவர் குனிந்தார். துடுப்பில் உப்புக்கல் மாதிரி மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

அவருக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை. வீட்டில் தொட்டி வைத்த மூன்றாம் வருஷம் இதே ஒட்டுண்ணிதான் ஒரு மீன் மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போனது.

டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "எப்படி இருக்கான் நம்ம நீலம்?"

"ஜோரா இருக்கான்."

வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆள் வைத்துத்தானே துடைக்கிறார், அந்த ஆள் சொல்லட்டும். இரண்டு மூன்று நாளில் புள்ளி உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் குணமானதாக அர்த்தமில்லை, மணலில் விழுந்து ஒன்று நூறாகப் பிளந்து மறுபடி மீனைத் தேடி வரும் என்பதும் தெரியும். ஃபோனை இரண்டு தடவை கையில் எடுத்தார், இரண்டு தடவையும் கீழே வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் கொழுந்தியாள் கூப்பிட்டாள். "மாமா, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. இவர் காலையிலேர்ந்து சாப்பிடல. கொஞ்சம் வர்றீங்களா?"

அந்த நொடி நெஞ்சில் ஏதோ இனித்தது. கிளம்புமுன் தலைகூட வாரிக்கொண்டார்.

கிளினிக்கில் இரண்டு மீன்கள் செத்து வாளியில் கிடந்தன. டாக்டர் செம்பு மருந்துப் புட்டியைத் தொட்டிமேல் சாய்க்கப் போனார்.

"நிறுத்துங்க! அது பட்டா மீன் பிழைக்கும், பவளம் பூரா போயிடும். இறால், நத்தை ஒண்ணும் தங்காது."

"அப்புறம் என்னதான் பண்ண?"

"எல்லா மீனையும் பிடிச்சு வெறும் தொட்டியில போட்டு ஒரு மாசம் மருந்து. இந்தப் பெரிய தொட்டி எழுபத்தாறு நாள் மீனே இல்லாம கிடக்கணும். ஒட்ட இடமில்லாம அதுவா அழிஞ்சிடும்."

பாறை இடுக்கில் ஒளிகிற மீனைப் பிடிக்கப் பாறையையே பிரிக்க வேண்டியிருந்தது. இவர் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொடுக்க, பல் பிடுங்கும் கையுறையோடு டாக்டர் வாங்கி வாங்கி உப்புநீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கினார். மத்தியானம் தாண்டியும் இருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஏழு மீன்கள் வலையில் விழுந்தன. நீலம் மூன்றாம் நாள் செத்தது. டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தினமும் வேலை முடிந்து கிளினிக் போனார். மருந்து குறைந்தால் ஒட்டுண்ணி தப்பிக்கும், கூடினால் மீன் போய்விடும். சொட்டுச் சொட்டாக அளந்தார். கடைசியில் நாலு மீன்கள் தேறின. "என் சகலை இல்லேன்னா எல்லாம் போயிருக்கும்" என்று டாக்டர் வாய் திறந்து படுத்திருக்கிற நோயாளிகளிடமெல்லாம் சொன்னார். மாமியாரே ஃபோன் செய்து பாராட்டினார். இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தைகள், இப்போது முழுசாகக் கேட்காமல் ஃபோனை மனைவியிடம் நீட்டினார். அந்த நிலையிலும், பாறைகளைத் திரும்ப அடுக்கிய, மீனில்லாத தொட்டியில் பவளங்கள் விரிந்து நின்ற அழகைப் பார்த்தபோது உள்ளுக்குள் பழையபடி புகையத்தான் செய்தது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "பல் அடைக்கப் போன அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அப்பவே தெரியும்தானே?"

அவர் மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

எழுபத்தேழாம் நாள் நாலு மீன்களையும் தொட்டியில் விட்டார்கள். டாக்டர் சின்னப் பையன் மாதிரி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளிப் போட்டால் பிறகு எப்போதும் வாய் வராது என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது.

"சகலை, நீலத்து மேல புள்ளியை நான் முதல்லயே பார்த்தேன். ஜோரா இருக்கான்னு சொன்னேன் பாருங்க, அன்னிக்கே."

டாக்டர் திரும்பினார். "ஏன்?"

"பொறாமை."

டாக்டர் தொட்டியிலிருந்து விலகிப்போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, வெகுநேரம் கழுவினார். "அடுத்த பேஷன்ட் காத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்து வாரம் பேச்சில்லை. கொழுந்தியாள் அக்காவோடு மட்டும் பேசினாள். லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போதும் அந்தக் கதவு சாத்திய சத்தம் அவருக்குக் கேட்டது. பிறகு ஒரு சனிக்கிழமை டாக்டரே கூப்பிட்டார்.

"புதுசா ஒரு நீலம் வாங்கியிருக்கேன். தனித்தொட்டியில வச்சிருக்கேன். வந்து பாருங்க."

போனார். முந்தைய மீனைவிடப் பெரியது. வாலில் மஞ்சள், வெயில் பட்ட மாதிரி. அவர் மூச்சை இழுத்துவிட்டார்.

"வயிறு எரியுது சகலை."

டாக்டர் சிரிக்கவில்லை. "எரியட்டும். புள்ளி இருக்கா, அதைச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலிருந்து என்று கால்மணி நேரம் பார்த்தார். "இடது துடுப்புல ஒண்ணு. புள்ளியா, கீறலான்னு சந்தேகம். மருந்தை இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

"எங்கே?"

"இப்படி வாங்க, காட்டறேன்."

டாக்டர் கோட்டைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.