காப்பும் பாதுகாப்பும்

கண்டல் நாற்றுக் கொட்டிலில் வேலை செய்கிறவளுக்குச் செருப்பு நிலைக்காது. சேறு ஒன்றை வைத்துக்கொண்டுதான் மற்றதைத் திருப்பித் தரும்.

இதை எழுதத் தொடங்கும்போதே எனக்குப் பயம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நடந்ததை முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ, மண்டைதீவில் யாராவது வாசித்துவிட்டு "அது அப்பிடி இல்லையே அக்கா" என்று படலையடியில் வந்து நிற்பார்களோ என்று நேற்றெல்லாம் யோசித்தேன். படிப்புக் குறைவு, பயம் அதிகம், வேலையும் நிரந்தரமில்லை என்று இருக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை இதுதான். கடலோரத்துக் கண்டல் மரங்களின் காய்களைப் பொறுக்கி, சேறு நிரப்பிய பைகளில் ஊன்றி, நாற்றாக வளர்த்து, கரையில் கொண்டுபோய் நடுவோம். அலையை மறிக்கவும், நண்டும் இறாலும் ஒதுங்கி வளரவும் அந்த மரம் வேண்டும். நானும் என் மச்சாள் தவமும் இன்னும் சில பெண்களும் நாட்கூலிக்குச் செய்கிறோம். எங்களைப் பார்த்துக்கொள்வது யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒரு மிஸ். இந்தத் திட்டம் முடியப் போகிறது. அதன் பிறகு கொட்டிலுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர்தான் இருப்பார், மாதச் சம்பளத்தோடு. அந்த இடத்துக்கு 'இயற்கைப் பாதுகாப்புச் சான்றிதழ்' வேண்டுமாம். சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் வகுப்பு, கட்டணம் கொஞ்சமில்லை. எடுப்பதா, விடுவதா? இதுதான் என் நித்திரையைத் தின்ற கேள்வி.

முத்தல்

லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் நயினாதீவுக் கோவிலுக்குப் போகிற வழியில் எங்கள் கொட்டிலைப் பார்க்க இறங்கியது. மிஸ் அன்றைக்கு வரவில்லை. விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கண்டல் காய் நீளமாக, பச்சையாக, மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டிருக்கும். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். பதற்றம் வந்தால் எனக்கு எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்று தலையாட்டத்தான் வரும். அந்தக் குடும்பத்து அம்மா, "இது முருங்கைக்காய் மாதிரியோ?" என்றார். ஓம் என்றேன். "நாங்களும் ரெண்டு கொண்டு போகலாமோ?" ஓம் என்றேன். கொண்டுபோய் நடப்போகிறார் என்றல்லவா நினைத்தேன்!

அடுத்த நாள் அதே வான் திரும்பி வந்து நின்றது. தவம் ஓடிப்போய் நாற்றுப் பைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு ஒளிய நேரம் இருக்கவில்லை. அந்த அம்மா கோபமாகவே இல்லை, கவலையாகச் சொன்னார்: "அக்கா, விடிய அடுப்பிலை வைச்சது, மத்தியானம் வரைக்கும் அவிச்சும் பல்லிலை படேல்லை. உங்கடை ஊர் முருங்கை சரியான முத்தல்."

துவக்கும் பொல்லும்

இந்தக் கதை மிஸ்ஸின் காதுக்குப் போனது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "அக்கா, நீங்கள் கட்டாயம் அந்தக் கோர்ஸ் செய்யுங்கோ. செடி வளர்க்கிற கை உங்களுக்கு இருக்கு, சொல்லுற வாய்தான் வேணும்" என்றார். நான் அந்த நினைப்பிலேயே சந்திக்கு வந்து, பஸ்ஸுக்கு நின்ற கணேசு அண்ணையிடம் வாய்விட்டேன். சந்தியில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவர் அவர். "அண்ணை, பாதுகாப்புச் செற்றிபிக்கற் ஒண்டு எடுக்கலாமெண்டு இருக்கிறன்."

அன்று பின்னேரமே ஊரெல்லாம் கதை. நான் வங்கி வாசலில் காவலுக்கு நிற்கப் போகிறேனாம். ஒருத்தி என் உயரத்துக்குக் காற்சட்டை தைத்துத் தரக் கேட்டாள். இன்னொருத்தி தன் மகளின் கலியாண வீட்டில் நகை அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்காரச் சொன்னாள். நான் மரம், கடல், நண்டு என்று விளக்க விளக்க யாரும் கேட்கவில்லை. கணேசு அண்ணை மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மெத்தப் பரிவோடு விசாரித்தார்: "பிள்ளை, கையிலை துவக்கு தருவினமோ, இல்லை வெறும் பொல்லோடை விட்டிடுவினமோ?"

மழைக்கும் நனையாது

ஏற்கெனவே அந்தச் சான்றிதழை எடுத்த ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தவம் யோசனை சொன்னாள். ஊர்காவற்றுறையில் போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் இருவரும் போனோம். சுவரில், போன் கவர்களுக்கு நடுவில் சான்றிதழ் தொங்கியது. படித்து எடுத்தவனே கவர் விற்கிறான் என்றால் எனக்கு என்ன கிடைக்கும்? "தம்பி, இதாலை ஏதும் பிரயோசனம் உண்டோ?" என்று கேட்டேன். "ரெண்டு இடத்திலை வேலைக்குக் கூப்பிட்டவையள் அக்கா. ரெண்டும் சேத்துக்கை. எனக்குச் சேறு ஒத்துவராது" என்றான்.

எனக்குச் சேறு ஒத்துவரும். அது மட்டும்தான் ஒத்துவரும். வெளியே வரும்போது அவன் பின்னாலிருந்து கத்தினான்: "அக்கா, எடுத்தால் கையோடை லெமினேற் பண்ணிப்போடுங்கோ. வேலை தருதோ இல்லையோ, மழைக்கு நனையாது!"

மிச்சம் பாது

கட்டணத்துக்கு என்னிடம் இருந்தது ஒரு சோடி தங்கக் காப்பு. கலியாணத்துக்குப் போட்டது. சண்டையில் ஊரைவிட்டு ஓடிய காலத்தில் பானை சட்டி எல்லாம் விட்டுவிட்டு ஓடினோம், காப்பைக் கழற்றவில்லை. மிஸ்ஸிடம் நேரடியாகவே கேட்டேன், படித்தால் அந்த வேலை நிச்சயமோ என்று. அவர் பொய் சொல்லவில்லை. "நிச்சயம் எண்டு சொல்ல ஏலாது அக்கா. ஆனா செற்றிபிக்கற் இல்லாட்டி நேர்முகத்துக்கே கூப்பிடமாட்டினம்."

என்னவருக்கு நண்டு வலைத் தொழில். வலையில் சிக்கிய பாசியைப் பிரித்துக்கொண்டிருந்தார். காப்பை அடகு வைக்கும் யோசனையைச் சொன்னேன். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் போனால் காப்பும் போய், நாட்கூலியும் போய், ஊரும் சிரிக்குமே என்று புலம்பினேன். அவர் வலையை மடியில் போட்டுவிட்டு, தானாகச் சிரிக்கத் தொடங்கினார். என்ன என்று கேட்டேன். "இஞ்சரும், பாதுகாப்புப் படிக்கக் காப்பை வைக்கப் போறீர். காப்புப் போனால் உமக்கு மிஞ்சுறது பாது மட்டும்தானே!"

காட்டுக்குக் கதவு

முதல் நாள் வகுப்பு இலவசம், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். துணைக்குத் தவத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் எல்லாரும் என் பிள்ளைகளின் வயது. கதிரையின் விளிம்பில் இருந்தேன், ஓடுவதற்கு வசதியாக. படிப்பிக்கிற சேர் நேரே என்னைப் பார்த்து, "அம்மா, பாதுகாப்பு எண்டால் என்ன?" என்று கேட்டார். கணேசு அண்ணையின் துவக்கும் பொல்லும் தலைக்குள் ஓடின. வாயில் வந்தது: "கதவைப் பூட்டுறது, சேர்."

வகுப்பு வெடித்தது. தவம் மேசையில் தலையைப் போட்டுக் குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அடிக்குப் பயந்து நான் ஒருநாளும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. இந்தச் சிரிப்போ நிற்கவே மாட்டேன் என்றது. கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துவிட்டேன். சேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரும்பலகையில் ஒரு கண்டல் மரத்தைக் கீறினார். அதன் அடியில் ஒரு சின்னக் கதவையும் கீறினார். "சரி அம்மா, பூட்டுவம். ஆனா நண்டு வந்து தட்டினால் ஆர் திறக்கிறது?"

சோடி

திரும்பும் பஸ்ஸில் தவம் கேட்டாள், முடிவென்ன என்று. படிக்கத்தான் போகிறேன் என்றேன். ஆனால் பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். திங்கட்கிழமையே மிஸ்ஸைப் பிடித்து, கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட ஒழுங்கு செய்தேன். முதல் தவணைக்கு ஒரு காப்புப் போதும். மற்றத் தவணைக்குள் இந்தப் படிப்பு என் மண்டையில் ஏறுமா என்று தெரிந்துவிடும். ஏறாவிட்டால் பாதி நட்டம்தானே.

வங்கியில் அடகுப் பகுதியில் இருந்த பிள்ளை ஒற்றைக் காப்பை உருட்டி உருட்டிப் பார்த்தாள். மற்றது எங்கே என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். அவள் முகத்தில் வந்த பரிதாபத்தை இன்னும் மறக்க முடியவில்லை: "ஐயோ அக்கா, ஆரும் சோடியைப் பிரிப்பினமே?"

நான் பிரித்துவிட்டேன், இப்போது சனிக்கிழமைகளில் ஒரு கையில் காப்பும் மற்றக் கையில் பாதுகாப்புக் கொப்பியுமாக பஸ் ஏறுகிறேன், பயந்தவள் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஊன்றிக்கொள்ளக் கையில் ஒன்று இருக்க வேண்டாமோ!