தாத்தா கடித்த கல்கல்

கோயில் மணி அடித்தாலும் சரி, பூசை முடிந்தாலும் சரி, தாத்தா முதல் கல்கலைக் கடிக்கிற 'கடக்' சத்தம் கேட்காமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பிறக்காது. அதுவரை பலகாரத் தட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலம் அது. மைதா மாவைச் சீப்புப் பல்லில் அழுத்திச் சுருட்டி, பொரித்து, பாகில் புரட்டினால் கல்கல். அம்மா செய்த கல்கலை உடைக்கச் சுத்தியல்தான் வேண்டும்.

"என்னிக்கு என்னால கடிக்க முடியலையோ, அன்னிக்கு இந்த நாற்காலி பெரியவனுக்கு" என்று தாத்தா எப்போதோ சொல்லிவிட்டார். மேசைத் தலைமாட்டில் அவர் உட்காரும் கை வைத்த நாற்காலி அது. பெரியவன் என்றால் என் பெரியப்பா. நாற்காலிக்காக அவர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கிறார் என்பது அத்தையின் கட்சி. எட்டு வயசில் நானும் அத்தை கட்சிதான்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தைய வாரம் தாத்தாவின் கடைசிக் கடைவாய்ப்பல் விழுந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் ஒரே ஒரு கல்கலைப் பாலில் ஊறவைத்துத் தட்டின் மேலே வைத்தாள். தாத்தா அதை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது கல்கலா, களியா?" என்று ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே முரடான ஒன்றை எடுத்தார்.

ஐயோ! என்னால் தாத்தாவைத் தவிர வேறு யாரையும் அந்த நாற்காலியில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். தாத்தா கல்கலை வாயில் போட்டு, உதட்டை இறுக்கி மூடினார். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

கடக்!

எல்லாரும் கை தட்டினார்கள். நானோ பெரியப்பாவின் தாடை அசைவதைப் பார்த்துவிட்டேன். எவ்வளவு அநியாயம்! தாத்தா கடிப்பதற்கு முன்பே திருட்டுத்தீனி!

"அம்மா, பெரியப்பா முன்னாடியே..."

"சும்னே இருடி, பேசாதே!" அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தாத்தா அந்த ஒரு கல்கலை வெகுநேரம் வாயில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பெரியப்பா பக்கம் தள்ளி, "அடுத்த வருஷம் கொஞ்சம் மெதுவாடா" என்றார். நன்றாக வேண்டும், திட்டு விழுந்தது என்று எனக்குப் பரம சந்தோஷம்.

தாத்தா இருந்தவரை அந்த நாற்காலி அவருடையதாகவே இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் பெரியப்பா தவறாமல் இருமினார். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் வருகிற அந்த இருமலுக்கு இந்த மனுஷர் ஏன் ஒரு மருந்து வாங்கிக் குடிக்க மாட்டேன் என்கிறார் என்று எனக்கு அப்போது புரியவே இல்லை.