ஃப்யூஸ் பெட்டிக்கு ஓர் இடம்

ஐந்தருவி ரோட்டில், சீசன் கூட்டத்துக்கு நடுவே, எங்கள் பழைய லாரியின் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தலையில் துண்டு கட்டியவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பித் திட்டினார்கள். ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா இறங்கி, "ஏட்டி, பேட்டரி வயரப் புடுங்கு!" என்று கத்திவிட்டு, வண்டிக்குச் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

பானெட்டைத் தூக்கினேன். ஹாரன் வயர் சைலன்சர் குழாய் மேல் சரிந்து, உருகி, செம்பு தெரிந்தது. விலக்கியதும் சத்தம் நின்றது. அப்போதுதான் தோன்றியது: ஃப்யூஸ் பெட்டியும் ரிலேக்களும் எதற்கு இந்தச் சூட்டுப் பக்கம் கிடக்க வேண்டும்? மொத்தமாக இடம் மாற்றினால் என்ன?

"மாத்துவாளாம்லா," என்றார் சித்தப்பா. "பட்டாளத்துல இருபது வருசம் லாரி ஓட்டிருக்கேன். எவனும் இதத் தொட்டதில்ல. காலேஜ் படிப்ப எங்கிட்ட காட்டாத."

"இருபது வருசமும் ஹாரன் இப்படித்தான் அடிச்சுதா சித்தப்பா?"

அன்றோடு பேச்சு நின்றது. லாரி அப்பாவும் அவரும் சேர்ந்து வாங்கியது. அப்பா இறந்த பிறகு ஆர்.சி. புக்கில் அவர் பெயர்தான். திங்கட்கிழமை தென்காசியில் எஃப்.சி. தகுதிச் சோதனைக்கு வண்டி போய் நிற்காவிட்டால், சிவகிரியிலிருந்து ஆள் வந்து பழைய இரும்புக்கு உடைக்க எடுத்துப் போவான் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படி.

வடகரை வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே மூன்று நாள் வேலை. இடது முன்சக்கர மட்கார்டின் உட்பக்கம் சூடு குறைவு. அங்கே எல்லாவற்றையும் மாட்டி, வயர்களைக் கறுப்பு உறைக்குள் இழுத்துக் கட்டினேன். வியாழன் சாயங்காலம் முதல் சாவிக்கே எஞ்சின் எடுத்தது. சித்தப்பா எட்டிப் பார்த்து, "பாதி எஞ்சினக் காணும். எங்கன கொண்டுபோயி வித்தா இவ?" என்று அம்மாவைக் கேட்டார்.

வெள்ளி காலை வண்டியைக் கழுவினார். வாராவாரம் எஞ்சின்வரை கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பது அவர் வழக்கம். இடது மட்கார்டு மேல் முழு வாளி. பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. சாவியைத் திருப்பினால் 'டிக்'கென்றுகூடச் சத்தமில்லை.

"வேணும்னுதான ஊத்துனீய?"

"எப்பவும் ஊத்துத எடந்தான். நீ ஏன் அங்கன வச்ச?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கும் வாளி அது. கையை வைத்து வைத்துச் சூடு பார்த்தவள், வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டேன். ஆனால் மூன்று நாளும் நான் எங்கே குனிந்து கிடந்தேன் என்று அவரும்தான் பார்த்தார். நான் மன்னிப்பதாக இல்லை.

இன்று சனி. ரிலேக்கள் காய்ந்துவிட்டன, பெட்டி புதிது. தண்ணீரும் வராமல் சூடும் வராமல் வண்டியில் மிஞ்சியிருப்பது ஒரே இடம்: கேபினுக்குள், டேஷ்போர்டில், அவர் சாமி படம் மாட்டியிருக்கும் பலகை. அம்மா வழியாக விஷயம் சித்தப்பா காதுக்குப் போய்விட்டது. காலையிலிருந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

மத்தியானம் சாப்பிட இறங்கித்தான் ஆக வேண்டும். நாலு ஸ்க்ரூ. படத்தைத் துடைத்து வீட்டு சாமி அறையில் வைத்துவிட்டு, பலகையில் பெட்டியை மாட்டப்போகிறேன்.