படித்து முடிப்பதற்குள் போன பேருந்துகள்

மேலே படமாக இருக்கும் நான்கு பக்கங்களும் என் கையால் எழுதியவை. எழுத்துகள் ஒரே அளவில் இல்லை. வரிகள் போகப் போகக் கீழே இறங்குகின்றன. மன்னிக்க வேண்டும். எழுபத்தோரு வயதில், போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் லாரியில் சுமை ஏற்றிய கை இது. பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடிக்கிறது. என் எழுத்து புரியாதவர்களுக்காக என் மகள் கோமதி அதையே கீழே தட்டச்சு செய்திருக்கிறாள்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, பருத்திப்பட்டிலிருந்து கரையான்சாவடிக்குத் தனியாகப் போனேன். ஏழு கிலோமீட்டர். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். பலகைகளைப் படித்துக்கொண்டு நான் போன முதல் பயணம் இது. அதனால் எழுதுகிறேன்.

கோமதி இணையப் பக்கங்கள் செய்கிறவள். சும்மா பார்க்கும் பக்கம் இல்லை. விரல் வைத்தால் தண்ணீர் அலையும், பறவை எழும்பும். இந்த வேலை செய்கிறவர்கள் கூடும் மாநாடுகளுக்குப் பெங்களூர், புனே, கொச்சி என்று போய்வருவாள். அங்கே கொடுத்த கழுத்து அட்டைகள் பதினொன்று எங்கள் பீரோ கைப்பிடியில் தொங்குகின்றன. ஆனால் ஐந்து மாதமாக அவளுக்கு வேலை இல்லை. இந்தப் பிரிவே வேண்டாம் என்று கம்பெனியில் அவளோடு சேர்த்து ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாநாடு. பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை கோமதி பேச வேண்டும். மூன்று மணிக்கு வேறொரு கம்பெனி அம்மா அவள் செய்த புதுப் பக்கத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் வேலை.

காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது கோமதி கேட்டாள்: "ஆட்டோ புக் பண்ணி உடட்டுமா நைனா? வாசல்லயே வந்து நிக்கும்."

"வாணாம்மா. பஸ்ல வரேன். போர்டு படிச்சி ஏறிக்கிறேன்."

"தெரியலன்னா யாரையாச்சும் கேளு."

"கேக்க மாட்டேன். எழுவது வருஷமா கேட்டாச்சி."

பத்து இருபதுக்கு நிறுத்தத்தில் நின்றேன். பூந்தமல்லி வண்டியில் ஏறினால் வழியில் கரையான்சாவடியில் இறங்கலாம். இப்போது பேருந்தின் நெற்றியில் பெயர் விளக்கில் எரிகிறது. எரிந்தால் பரவாயில்லை, மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் எண், பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம். பத்து இருபத்தெட்டுக்கு வந்த வண்டியில் 'பூந்' வரை படித்தேன். ஆங்கிலம் வந்துவிட்டது. தமிழ் திரும்பி வருவதற்குள் வண்டி போய்விட்டது. பத்து ஐம்பதுக்கு வந்ததை ஒரு தண்ணீர் லாரி மறைத்தது. பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பதினொன்று பத்துக்கு மூன்றாவது வண்டி. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா பெர்சு, போர்டையே பாத்துக்கினு நிக்கிற? ஏர்றியா இல்லியா?"

"இருப்பா, படிச்சிக்கினு கீறேன்."

"படிச்சி முடிச்சி கலெக்டராவப் போறியா? பூந்தமல்லி வண்டிதான், ஏறு."

எனக்கு இன்னும் ஒரே எழுத்துதான் பாக்கி இருந்தது. அவர் சொல்லிவிட்டாரே என்று வருத்தத்தோடு ஏறினேன். பத்து ரூபாய் சீட்டு. காடுவெட்டிப் பாலம் தாண்டியதும் கடைப் பலகைகள் வந்தன. அவை நகராமல் நின்றன, நான்தான் நகர்ந்தேன். 'டயர்', 'மாவு', மறுபடியும் 'டயர்' என்று மூன்றைப் பிடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் சென்னீர்குப்பத்தில் வண்டி கால் மணி நேரம் நின்றதுகூடத் தெரியவில்லை.

மண்டபத்து வாசலில் பதினொன்று ஐம்பது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கழுத்து அட்டையும் பேனாவும் நீட்டி, "பேர் எழுதிக்கோங்க அங்கிள்" என்றாள். இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்து 'முனுசாமி' என்று எழுதினேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் மைக்கில் கோமதியின் குரல் கேட்டது. கடைசி எழுத்துக்குச் சுழி போடும்போது உள்ளே கைதட்டினார்கள். அவள் பேசி முடித்துவிட்டாள்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் அவளுடைய பை இருந்தது. எனக்காகப் போட்டு வைத்த இடம். அவள் திட்டவில்லை. "வந்துட்டியா நைனா? இன்னா சாப்ட?" என்றாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

மண்டபத்தில் தனக்குக் கொடுத்திருந்த மேசைக்குக் கூட்டிப்போய், தொடுதிரையில் புதுப் பக்கத்தைக் காட்டினாள். எங்கள் பருத்திப்பட்டு ஏரி. விரலை வைத்தேன், அலை பரவியது. கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு வரி வந்தது: 'விடிவதற்கு முன்பே கொக்குகள் வந்துவிடும்.' நான் 'விடிவதற்கு' என்பதை முடிப்பதற்குள் வரி கரைந்து அடுத்தது வந்தது. அதுவும் போனது.

"எப்டி கீது நைனா?"

"தண்ணி நல்லா கீதும்மா. எழுத்துதான் பஸ் போர்டாட்டம் ஓடுது."

சிரித்தாள். பேருந்துகளை விட்ட கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. முதல் வரியைத் தாளில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, செல்போனில் நேரம் பார்த்தாள். பதினோரு நொடி. அந்த இணையப் பக்கத்தில் ஒரு வரிக்கு அவள் வைத்திருந்தது மூன்று நொடி.

"நூறு பேருக்குக் காட்டினேன் நைனா. ஒருத்தரும் சொல்லல. எல்லாம் என்னாட்டம் வேகமா படிக்கிறவங்க."

மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்து மேசையில் இருந்த அவள் நண்பர் சதீஷ் பதறிவிட்டார். "மூணு மணிக்கு ஆள் வராங்க. இப்ப போயி கோடிங்ல கை வெக்காத கோமதி. ஒடைஞ்சா அவ்ளோதான்."

"எனக்காக மாத்தாதம்மா," என்றேன் நானும். "வர்றவங்க படிச்சவங்க."

அவள் காதில் வாங்கவில்லை. திரையில் இருந்த ஆங்கிலம் எனக்குத் தெரியாது. எண்கள் தெரியும், சுமை எண்ணிய ஆள் நான். ஒரு 3 அழிந்ததைப் பார்த்தேன். இரண்டு பத்துக்கு ஏரி முழுவதும் கறுத்துப்போனது. தண்ணீரும் இல்லை, கொக்கும் இல்லை. அவள் வாங்கி வைத்த எலுமிச்சை சாதம் அப்படியே காய்ந்தது. நான் எழுந்து போய் மண்டபத்துத் தூண் அருகில் நின்றுகொண்டேன். இரண்டு ஐம்பதுக்கு ஏரி திரும்பி வந்தது.

சரியாக மூன்று மணிக்கு அந்த அம்மா வந்தார். விரல் வைத்தார். அலை, கொக்கு, முதல் வரி. வரி அப்படியே நின்றது.

"ஹேங் ஆயிடுச்சா?" என்றார்.

"இல்ல மேடம். படிக்கிறவங்களுக்காக நிக்குது. விரலை மேலே இழுத்தா அடுத்த வரி வரும்."

"நீங்க அனுப்பின வீடியோல நல்ல வேகம் இருந்துச்சே?"

"அந்த வேகத்த எடுத்துட்டேன். ஒருத்தரால படிச்சு முடிக்க முடியல."

அந்த ஒருத்தர் யார் என்று கோமதி சொல்லவில்லை. நான் என் கழுத்து அட்டையைக் கையால் மூடிக்கொண்டேன். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக இழுத்துக் கடைசிவரை பார்த்தார். "சொல்லி அனுப்புறோம்" என்று போய்விட்டார். வேலை தேடிய நாளில் பாடியில் பல தொழிற்சாலை வாசல்களில் நான் கேட்ட வார்த்தைதான்.

ஐந்தரைக்குக் கரையான்சாவடி நிறுத்தத்தில் இருவரும் நின்றோம்.

"என்னாலதான் கெட்டுதாம்மா?"

"தெர்ல நைனா."

ஒரு பேருந்து வந்தது. நெற்றியில் நீளமான பெயர். 'அம்பத்தூர்' என்று முடித்து, அடுத்த சொல்லில் பாதி வந்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

"அது நம்ம ஊட்டுப் பக்கம் போறதுதானே?"

"ஆமா, ஆவடி வழியா."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ படிச்சிக்கினு இருந்தியே."

பதினெட்டு நிமிடம் கழித்து அடுத்தது வந்தது. 'ஆவடி'. மூன்றே எழுத்து. வண்டி நிற்பதற்கு முன்பே படித்துவிட்டேன்.

இன்றுவரை அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வரவில்லை. கோமதி வேறு இரண்டு இடங்களுக்கு அதே பக்கத்தை அனுப்பியிருக்கிறாள். வேகத்தைத் திரும்பப் போடவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலையில் சுமார் இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து. பயணம் இருபத்தைந்து நிமிடம், சென்னீர்குப்பத்தில் நெரிசல் என்றால் நாற்பது. என்னைப் போல மெதுவாகப் படிக்கிறவராக இருந்தால் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். மகள் மேடையில் பேசும் நாளில் மட்டும், பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுவிடுங்கள்.

இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. அடுத்த வாரம் ஆவடி ரயில் நிலையத்துக்குப் போகிறேன். அங்கே நடைமேடையில் இருக்கும் மஞ்சள் பலகை நகராது. எத்தனை நேரம் ஆனாலும் நின்று படித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.