கொழுந்தன் அடித்த தமாஷ்

போன சீசனில் குற்றாலத்தில் குளிக்கும்போது என் கணவர் பாறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தென்காசி ஆஸ்பத்திரியில், எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்டதற்கு, கூட வந்த என் கொழுந்தன், "குத்தாலத்துக்கு வந்துட்டு சும்மாவா குளிப்பாவ சார்?" என்று கண்ணடித்தான். 'மது அருந்தியிருந்தார்' என்று டாக்டர் எழுதிவிட்டார். அதைக் காட்டியே இன்சூரன்ஸ்காரர்கள் கிளெய்மை நிராகரித்தார்கள். என் கணவர் குடியைத் தொட்டதே இல்லை.

"தமாசுக்குத்தான் சொன்னேன் மதினி" என்கிறான்.

ரத்தப் பரிசோதனையே செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி, மேல்முறையீடு செய்த பிறகுதான் பணம் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி இன்னும் கேட்கிறாள்: "அண்ணாச்சி இப்பம் குடிய விட்டுட்டாவளா?"

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் நான் மட்டும்தான் பேசுகிறேன். டாக்டர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்கிறேன். கொழுந்தன் வாசலோடு சரி.